நூறு ஏக்கர் அதிகாரியும் முப்பது ஏக்கர் உழவரும்

முதல் குடியேறிகளின் வீடுகளைப் பற்றிய இந்தத் தொடரில் இம்முறை ஆஸ்திரேலியாவுக்குப் போகிறோம். சிட்னியிலிருந்து மேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் இருக்கிறது பரமட்டா. அதன் கிழக்கு ஓரத்தில், 1793இல் எழுந்த ஒரு செங்கல் வீட்டின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. எலிசபெத் பண்ணை என்பது அதன் பெயர். அந்தக் கண்டத்தில் ஐரோப்பியர் கட்டி இன்றுவரை பிழைத்திருக்கும் கட்டடங்களில் இதன் நடுப்பகுதிதான் மிகப் பழையது என்கிறார்கள். படைத் துணைநிலை அதிகாரியாக வந்த ஜான் மக்கார்தரும் அவர் மனைவி எலிசபெத்தும் கட்டியது. ஆஸ்திரேலியக் கம்பளி வணிகத்தின் தொடக்கமாகப் பள்ளிப் பாடங்களில் சொல்லப்படுவது இந்தக் குடும்பத்தின் கதைதான். 1966இல் அந்நாடு தசம நாணயத்துக்கு மாறியபோது, புதிய இரண்டு டாலர் நோட்டில் ஜான் மக்கார்தரின் முகமும் மெரினோ இனச் செம்மறிக் கிடாவும் அச்சாயின. கடனோடு கப்பலேறி வந்த ஓர் இளம் தம்பதி, காட்டைத் திருத்திச் சிறிய வீடு கட்டி, உழைத்து, ஒரு தேசத்தின் செல்வத்துக்கு அடிபோட்டார்கள் என்று அந்தக் கதை போகும். அந்தச் சிறிய வீடு கதையின் சாட்சியாக முன்னால் நிறுத்தப்படும். எளிய தொடக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தச் சான்றைத்தான் இங்கே கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வீட்டின் அளவும் அது கட்டப்பட்ட ஆண்டும் அதன் செங்கல்லும் வேறொரு கதையைச் சொல்கின்றன என்பது என் முடிவு. அந்த வீட்டைச் சாத்தியமாக்கியது சம்பளமில்லாத ஆட்களை ஏவும் அதிகாரம். அந்த அதிகாரம் குறிப்பிட்ட ஓர் ஆண்டில், குறிப்பிட்ட சிலர் கைக்கு வந்தது.

முதலில் வீட்டுக்காரரின் வாக்குமூலத்தையே கேட்போம். 1794இல் ஜான் இங்கிலாந்திலிருந்த தம் சகோதரருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பண்ணையின் நடுவில் மிகச் சிறந்த செங்கல் வீடு கட்டியிருப்பதாகவும், முகப்பு 68 அடி, அகலம் 18 அடி, மாடி இல்லை, தரைத்தளத்தில் நான்கு அறைகள், பெரிய கூடம், நிலவறை, ஒட்டினாற்போல் சமையற்கட்டும் வேலைக்காரர் அறைகளும் உண்டு என்றும் எழுதுகிறார். சுற்றிலும் மூன்று ஏக்கருக்குத் திராட்சைக் கொடியும் பழமரமும் காய்கறித் தோட்டமும். 68ஐ 18ஆல் பெருக்கினால் 1,224 சதுர அடி. சென்னைக் கணக்கில் அரை கிரவுண்டு. இன்றைய கண்ணுக்குச் சிறிய வீடுதான். ஆனால் அதே கடிதத்தில் வரும் மற்றக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பண்ணை கிட்டத்தட்ட 250 ஏக்கர். அதில் நூறு ஏக்கருக்கு மேல் பயிரில் இருக்கிறது. மீதியிலும் பெரும்பகுதியில் மரம் வெட்டியாகிவிட்டது. அவ்வாண்டு விளைச்சலில் 400 பவுண்டுக்கு விற்றது போக 1,800 புஷல் தானியம் களஞ்சியத்தில் கிடக்கிறது. 130 வெள்ளாடு, நூற்றுக்கு மேல் பன்றி, குதிரைகள், பசுக்கள். நிலப் பட்டா கிடைத்தது 1793 பிப்ரவரியில். கடிதம் எழுதுவதோ அதற்கு அடுத்த ஆண்டில். இரும்பாய் இறுகிய யூக்கலிப்டஸ் மரங்கள் நின்ற நிலத்தை, உழவு மாடோ கலப்பையோ பரவாத ஒரு குடியேற்றத்தில், கோடரியும் மண்வெட்டியும் கொண்டு நூறு ஏக்கர் அளவுக்குத் திருத்த எத்தனை கைகள் வேண்டும்? அரசிடமிருந்து தாம் பெற்றது ஒரே ஒரு பசு, மற்ற கால்நடை எல்லாம் விலைக்கு வாங்கியது அல்லது வளர்த்தது என்று ஜான் அதே கடிதத்தில் அழுத்திச் சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். அவர் எண்ணிக் காட்டியது கால்நடைகளை மட்டும். மரம் வெட்டிய ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கு அந்த வரியில் இல்லை.

செங்கல்லுக்கு வருவோம். பரமட்டாவின் முந்தைய பெயர் ரோஸ் ஹில். 1790 நவம்பரில் அங்கே போய்ப் பார்த்த கடற்படை வீரர்களின் அதிகாரி வாட்கின் டென்ச், சூளை நடந்த விதத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பர்மிங்காமில் தொழில் செய்து தீவாந்தர தண்டனை பெற்று வந்த ஒரு செங்கல்காரரின் கீழ் 52 பேர் வேலை செய்தார்கள். வாரத்துக்கு 25,000 கல் அறுத்தார்கள். மண் தோண்டுவது, மிதிப்பது, அச்சில் அறுப்பது, விறகு வெட்டுவது, சூளை அடுக்குவது அத்தனையும் இப்படி நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள் வேலை. சூளை அரசுடையது. வண்டியிழுக்க மாடு இல்லாததால் கல்லை ஏற்றிக்கொண்டு போனதும் மனிதர்களே. சிட்னியில் படைமுகாம் கட்டியபோது நடந்ததை நீதித்துறை அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதுகிறார்: ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு ஆள், ஒரு நடைக்கு 350 கல், நாளொன்றுக்கு ஐந்து நடை. இதை வைத்து மக்கார்தர் வீட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவர் ஒன்பது அங்குலக் கனம், ஒன்பதடி உயரம், உள்ளே மூன்று குறுக்குச் சுவர் என்று வைத்துக்கொண்டாலே இருபதாயிரம் கல்லுக்கு மேல் ஆகிவிடும். சிட்னி வழக்கப்படி இழுத்திருந்தால் பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுக்கும் வண்டி அறுபது நடை போக வேண்டும். சமையற்கட்டும் நிலவறையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. சுண்ணாம்புக்கல் அக்கம்பக்கத்தில் கிடைக்காத இடம் அது. கிளிஞ்சல் பொறுக்கிச் சுட்டால்தான் சுண்ணாம்பு. அதனால்தான் தொடக்ககாலச் சுவர்களில் பெரும்பாலும் சேற்றுச் சாந்து வைத்துக் கட்டினார்கள். அதனால்தான் அவற்றில் அநேகம் மழையில் கரைந்து போயின. இந்தக் கல்லுக்கும் ஆளுக்கும் அந்த ஆண்டில் பரமட்டாவில் பொறுப்பாக இருந்தவர் யார்? அரசுப் பணிகளின் கண்காணிப்பாளர். 1793இல் அந்தப் பதவியில் அமர்த்தப்பட்டவர் ஜான் மக்கார்தர்தான்.

அது எப்படி நேர்ந்தது என்பது முக்கியம். முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் 1792 டிசம்பரில் கப்பலேறிப் போனார். அவர் இருந்தவரை பஞ்ச காலத்திலும் அதிகாரிக்கும் கைதிக்கும் ஒரே அளவு படி அளந்தவர். கைதி உழைப்பை அரசு வயல்களிலேயே பெரும்பாலும் வைத்திருந்தவர். அவருக்குப் பின் ஆட்சிப் பொறுப்பு படைத் தளபதி பிரான்சிஸ் குரோஸின் கைக்கு வந்தது. சிவில் நிர்வாகத்தின் இடத்தில் தம் படை அதிகாரிகளையே அவர் வைத்தார். லண்டனிலிருந்து வந்த அனுமதியைக் கொண்டு அவர்களுக்கு நூறு நூறு ஏக்கர் பட்டா கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் நிலத்துக்குப் பத்துக் கைதிகள், வீட்டுக்கு மூன்று கைதிகள். அவர்களுக்கு உணவும் உடையும் அரசுக் களஞ்சியத்திலிருந்தே போயின. விளைந்த தானியத்தை வாங்கிக்கொண்டதும் அதே களஞ்சியம்; லண்டன் கருவூலத்தின் மேல் எழுதிய உண்டியலாக விலை வந்தது. வேலையாளின் சோற்றையும் உடையையும் அரசு ஏற்றுக்கொள்ள, அவன் விளைவித்ததை அரசே நிலக்காரரிடம் விலைக்கு வாங்கிய ஏற்பாடு இது. இதில் நட்டப்படுவது கடினம். இந்த ஏற்பாடு தொடங்கிய அதே ஆண்டில்தான் அந்தச் செங்கல் வீடு எழுந்தது. அதற்கு முந்தைய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஜான் அந்தக் குடியேற்றத்திலேயே இருந்தார், அதே ஆள்தான், அதே சுறுசுறுப்புத்தான். அப்போது அவரிடம் வீடும் இல்லை, பண்ணையும் இல்லை.

இதை ஊகம் என்று ஒதுக்க நினைப்பவர்கள் பக்கத்து நிலத்தைப் பார்க்கலாம். வரலாறு நமக்கு அங்கே ஓர் ஒப்பீட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. எலிசபெத் பண்ணைக்கு அருகிலேயே ஜேம்ஸ் ரூஸின் நிலம் இருந்தது. கார்ன்வால் பகுதியில் உழவனாகவே வளர்ந்தவர். ஏழாண்டு தண்டனை பெற்று முதல் கப்பல் தொகுதியில் வந்தவர். உழவு தெரிந்த ஆளே அரிதாக இருந்த குடியேற்றத்தில், ஒரு குடும்பம் தன் கையால் பயிரிட்டுப் பிழைக்க முடியுமா என்று பார்க்க பிலிப் 1789 நவம்பரில் இவரைத்தான் ரோஸ் ஹில்லில் நிலத்தில் இறக்கினார். மரத்தை எரித்துச் சாம்பலை மண்ணில் கொத்திக் கலந்து, களையைப் புரட்டி உரமாக்கி, 1791 தொடக்கத்தில் தம்மால் அரசுப் படி இல்லாமல் வாழ முடியும் என்று ரூஸ் சொல்லிவிட்டார். அந்தக் குடியேற்றத்தின் முதல் நிலப் பட்டா, 30 ஏக்கர், அவருக்குக் கிடைத்தது. ஆளுநர் கட்டிக்கொடுத்த செங்கல் வீட்டில் அவர் வசதியாக இருந்ததை டென்ச் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். மண் அதே மண், செங்கல்லும் அதே சூளையுடையது. ரூஸுக்கு உழவு தெரியும், பிளிமத்தில் துணி வணிகரின் மகனாகப் பிறந்த மக்கார்தருக்குத் தெரியாது. ஆனால் 1793 அக்டோபரில், மக்கார்தரின் வீடு எழுந்த அதே ஆண்டில், ரூஸ் தம் முப்பது ஏக்கரையும் 40 பவுண்டுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அதே படைப்பிரிவின் அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸ். ரூஸுக்கும் அரசு உதவியதே, கருவியும் விதையும் வீடும் கொடுத்ததே என்று கேட்கலாம். கொடுத்தது. ஆனால் பத்து ஆட்களைக் கொடுக்கவில்லை. கணவனும் மனைவியும் கொத்திய நிலம் அவர்களுக்குச் சோறு போட்டது, மிச்சம் பிடிக்கவில்லை. ரூஸ் பிறகு ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் வேறு நிலம் பெற்றுப் போனார், வாழ்நாள் முழுதும் ஏறி இறங்கியே காலம் கழித்தார். எளிய தொடக்கம், சொந்த உழைப்பு என்று நாம் எதைப் போற்ற விரும்புகிறோமோ அது முழுக்க நிகழ்ந்தது அந்த முப்பது ஏக்கரில். அவருடைய செங்கல் வீடு இன்று இல்லை. அந்த நிலத்தில் இப்போது நிற்கும் வீடு ஹாரிஸ் பிற்காலத்தில் கட்டியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நூறு ஏக்கரும் பத்துக் கைதியும் எல்லா அதிகாரிகளுக்கும்தானே கிடைத்தன, மற்றவர்கள் ஏன் மக்கார்தர் ஆகவில்லை? ஐம்பது ஏக்கரைத் திருத்திப் பயிரிட்டவர்களில் முதல்வர் என்பதால் அவருக்கு மேலும் நூறு ஏக்கர் கிடைத்தது. திறமையும் முனைப்பும் இல்லாமலா இது நடக்கும்? இல்லாமல் நடக்காதுதான். ஜான் மக்கார்தரிடம் திட்டமிடும் புத்தியும் விடாப்பிடியும் இருந்தன. அவரை வெறுத்தவர்கள்கூட அதை மறுத்ததில்லை. ஆனால் மற்ற அதிகாரிகளும் அவரும் ஒரே படியில் நிற்கவில்லை. அவர் படையின் சம்பளப் பட்டுவாடா அதிகாரியும்கூட. பணமே புழங்காத ஊரில் இங்கிலாந்தில் செல்லுபடியாகும் உண்டியல் எழுதும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. துறைமுகத்துக்கு வரும் கப்பலின் சரக்கை மொத்தமாக எடுக்க அந்த உண்டியல்தான் வழி. அதோடு பரமட்டாவின் கைதி உழைப்பை எங்கே எந்த வேலைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் கண்காணிப்பாளர் பதவியும் சேர்ந்துகொண்டது. ஒரே ஆளிடம் ஊரின் ரொக்கமும் ஊரின் ஆள்பலமும். 1801இல் ஆளுநர் பிலிப் கிட்லி கிங் லண்டனுக்கு எழுதும்போது, 500 பவுண்டு கடனோடு வந்த மனிதர் இப்போது குறைந்தது 20,000 பவுண்டுக்குச் சொந்தக்காரர் என்று குற்றம் சாட்டினார். கிங் மக்கார்தருக்குப் பகைவர். அந்தத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள நான் சொல்லவில்லை. பாதியாகக் குறைத்தாலும், பத்தாண்டில் உழவால் மட்டும் வரக்கூடிய செல்வம் அது ஆகாது.

இரண்டாவது மறுப்பு எலிசபெத்தின் எழுத்திலிருந்தே வருகிறது. 1798இல் தம் இளமைத் தோழிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், பண்ணையில் அடிக்கடி முப்பது நாற்பது பேர் வேலை செய்வதாகவும் அவர்களுக்கு வாரக் கூலி கொடுப்பதாகவும், அரசுச் செலவில் சோறு தின்பவர்கள் தம்மிடம் இருவர் மட்டுமே என்றும் அவர் குறிப்பிடுகிறார். இருபது பேருக்கு மேல் அப்படி வைத்திருப்பவர்கள் உண்டு, ஆளுநர் கண்டுகொள்வதில்லை என்று ஒரு குறையும் சேர்க்கிறார். இந்தக் கடிதத்தை நான் நம்புகிறேன். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. தோழிக்கு எழுதியது, அரசுக்கு அல்ல. ஆனால் அது 1798இன் நிலவரம். அதற்குள் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டன. தண்டனை முடிந்து விடுதலையானவர்கள் பெருகி, கூலிக்கு ஆள் கிடைக்கத் தொடங்கியது. 1795இல் வந்த ஆளுநர் ஜான் ஹண்டர் கைதி ஒதுக்கீட்டில் கை வைத்ததும் மக்கார்தர் அடுத்த ஆண்டே கண்காணிப்பாளர் பதவியை விட்டார். கூலி கொடுக்கும் முதலும் அந்தக் குடும்பத்தின் கையில் சேர்ந்துவிட்டது. அந்த முதல் திரண்ட காலம் 1793க்கும் 1795க்கும் இடைப்பட்டது. வீடு கட்டப்பட்டதும் அப்போதுதான். பின்னாளில் நியாயமான கூலி கொடுத்ததை அந்தக் குடும்பத்தின் நற்பேரில் எழுதலாம். முன்னாளின் அடித்தளத்தை அது மாற்றிவிடாது. எலிசபெத்தின் கடிதம் எனக்கு இன்னொரு வகையிலும் பயன்படுகிறது. அரசுச் சோற்றில் ஆள் வைத்திருப்பது தப்பு என்று அன்றே அந்த வீட்டிலேயே எண்ணம் இருந்தது என்பதற்கு அது ஆதாரம்.

இதனால் மூன்றாவது மறுப்புக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. இன்றைய நியாயத்தை அன்றைய மனிதர் தலையில் கட்டக் கூடாது, கைதி உழைப்பும் நிலப் பட்டாவும் அக்காலச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பார்கள். பட்டா சட்டப்படி செல்லும், உண்மை. ஆனால் அன்றைய நியாயம் ஒன்றே ஒன்றாக இருக்கவில்லை. பரமட்டா ஆற்றங்கரையின் மக்கள் பர்ரமட்டகல் குலத்தார். 1789இல் பரவிய பெரியம்மையில் சிட்னிப் பகுதிப் பூர்வகுடிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் மாண்டார்கள் என்பது பிலிப்பின் மதிப்பீடு. எஞ்சியவர்களில் ஒருவரான முதியவர் மௌகோரன் 1790இல் ஆளுநரை நேரில் கண்டு, ரோஸ் ஹில்லில் இத்தனை பேரைக் குடியேற்றியதால் தம் மக்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள் என்று சொன்னார். ஆளுநரின் மறுமொழி அங்கே இன்னும் படைவீரர்களை அனுப்பியது. இது நூறு ஏக்கர் பட்டாவுக்கு இரண்டாண்டுக்கும் மேல் முன்பு. பிட்ஜிகல் குலத்துப் பெமுல்வுய் 1797 மார்ச்சில் நூறு பேரளவில் திரட்டிக்கொண்டு பரமட்டா ஊருக்குள்ளேயே படையோடு மோதினார். உடம்பில் ஏழு குண்டுச் சிதறல்களோடு பிடிபட்டு, மருத்துவமனையிலிருந்து தப்பினார். 1802இல் கொல்லப்பட்டார், அவர் தலை இங்கிலாந்தில் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பப்பட்டது. கைதிகளும் சும்மா இருக்கவில்லை. 1804 மார்ச்சில் காஸில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் கிளர்ந்தபோது, எலிசபெத் பண்ணைக்குத் தீ வைத்துப் படையை வெளியே இழுப்பது அவர்கள் திட்டத்தில் ஒன்று என்று பேசப்பட்டது. எலிசபெத் பிள்ளைகளோடு இரவில் படகேறிச் சிட்னிக்குப் போக வேண்டியதாயிற்று. நிலத்தை இழந்தவர்கள் எதிர்த்தார்கள், உழைத்தவர்கள் எதிர்த்தார்கள், ஆட்சி செய்ய வந்த ஆளுநர்களே எதிர்த்தார்கள். அன்று எல்லாரும் இதை இயல்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் பிற்காலத்தார் கட்டிய கற்பனை.

இவ்வளவும் சொல்லிவிட்டு எலிசபெத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் அநியாயம் செய்தவனாவேன். டெவன்ஷயர் கிராமத்தில் 1766இல் பிறந்தவர். கைக்குழந்தையோடு இரண்டாவது கப்பல் தொகுதியில் ஏறினார். கைதிகளில் நால்வரில் ஒருவர் வழியிலேயே செத்த கொடிய பயணம் அது. கடலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது. 1790 ஜூனில் கரையிறங்கியபோது வயது 23. மனம்விட்டுப் பேசப் பெண் துணை ஒருவரும் இல்லாத ஊரில் தாவரவியல் படித்தார்; அறுவை மருத்துவர் ஜார்ஜ் வோர்கன் விட்டுச்சென்ற, அக்கண்டத்தின் முதல் பியானோவில் வாசிக்கப் பழகினார். கணவரின் குணம் அவரை இரண்டு முறை நெடுங்காலம் தனியாக விட்டது. மேலதிகாரி பேட்டர்சனை ஒண்டிக்கு ஒண்டிச் சண்டையில் சுட்டுக் காயப்படுத்தியதால் 1801இல் ஜான் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார், 1805இல் திரும்பினார். 1808 ஜனவரி 26 அன்று ஆளுநர் பிளையைக் கவிழ்த்த கலகத்தில் முன்னின்றதால் 1809இல் மறுபடி போனவர் 1817வரை வர முடியவில்லை. ஆகப் பன்னிரண்டு ஆண்டு. மெரினோ மந்தை பெருகியதும் கிடாக்களைத் தேர்ந்து இனம் பிரித்ததும் கம்பளி லண்டன் சந்தைக்குப் போகத் தொடங்கியதும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான். பரமட்டாவில் உட்கார்ந்து, தொலைவிலிருந்த கேம்டன் மேய்ச்சல் நிலத்தையும் மேற்பார்த்து அதை நடத்தியவர் எலிசபெத். இரண்டு டாலர் நோட்டில் இருந்தது கணவரின் முகம்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. மக்கார்தரின் முதல் மந்தை மெரினோ அல்ல. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த அறுபது வங்காள ஆடுகளையும் குட்டிகளையும்தான் அவர் முதலில் வாங்கினார். ரோமம் கம்பளிக்கு ஆகாத, மயிர்போல் முரடானது. அவற்றோடு அயர்லாந்து ஆடுகளைக் கலந்தபோது குட்டிகளின் ரோமம் மாறியதைப் பார்த்துத்தான் கம்பளி எண்ணமே தமக்குப் பிறந்தது என்று அவரே பின்னர் சொன்னார். நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ வந்து சேர்ந்தது 1797இல். ஆகவே அந்த வீட்டின் முதல் ஆண்டுகளை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே மட்டும் வைத்து எழுதுவது போதாது; தானியமும் சாராயமும் ஆடும் வங்காளத் துறைமுகத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தன.

வீட்டின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 1820களில் ஜான் அதை விரித்து, வராந்தாவும் தாழ்ந்த கூரையும் கொண்ட நாகரிகமான பண்ணை மாளிகையாக்கினார். பழைய சுவரை இடிக்காமல் அதைச் சுற்றியே கட்டியதால் 1793இன் நடுப்பகுதி உள்ளே பிழைத்தது. 1832இல் அவருக்குச் சித்தம் கலங்கியதாக அறிவிக்கப்பட்டது. 1834இல் கேம்டனில் இறந்தார். எலிசபெத் பரமட்டா வீட்டிலேயே இருந்தார். 1850 பிப்ரவரியில் வாட்சன்ஸ் விரிகுடாவில் இறக்கும்வரை அதுதான் அவருக்கு வீடு. 1881இல் குடும்பம் விற்றது. பண்ணை நிலம் மனைகளாகவும் பந்தயத் திடலாகவும் பிரிந்தது. 1904இல் பாழடைந்து கிடந்த வீட்டை ஸ்வான் குடும்பம் வாங்கிக் குடிபுகுந்து 1968வரை காத்தது. அவர்கள் இல்லையென்றால் இன்று பேச வீடே இருந்திருக்காது. அறக்கட்டளை ஒன்றின் கைக்குப் போய், அரசின் வரலாற்று இல்லங்கள் அமைப்பின் பொறுப்பில் 1984இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கயிறு கட்டித் தடுக்காமல், நாற்காலியில் உட்காரவும் பொருளைத் தொடவும் விடும் இடம் அது.

இப்படிப் பார்த்தால் அந்த வீட்டின் மதிப்பே குறைந்துவிடாதா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலக் கைதிகள் குடியிருந்த மண்ணும் கழியும் கொண்ட குடில்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பர்ரமட்டகல் மக்களின் தங்குமிடங்கள் மிஞ்சவில்லை. ரூஸின் வீடு மிஞ்சவில்லை. சூளையில் மண் மிதித்தவர்களின் உழைப்பில் கண்ணால் காண மிஞ்சியவற்றில் இந்தச் சுவர்கள் முதன்மையானவை. மக்கார்தர் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் கட்டச் சொன்னார், எலிசபெத் அதில் வாழ்ந்து ஒரு தொழிலை நடத்தினார், இரண்டும் உண்மை. அந்தப் பெயர்களோடு, 1793இல் பரமட்டாவில் கைதி ஆட்களை யார் எந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும், பக்கத்து முப்பது ஏக்கர் 40 பவுண்டுக்குப் போனதும் அதே அறையில் சொல்லப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அப்போதுதான் இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலத்தில் காடு எப்படிக் களஞ்சியம் ஆயிற்று என்பது பார்க்க வருபவருக்கு விளங்கும். 1835இல் கேம்டனில் முடிந்த பெரிய வீட்டின் கணக்கு வேறு வகையானது. கட்டடக் கலைஞர் ஜான் வெர்ஜ் வரைந்தது அது. கம்பளிப் பணத்தில் எழுந்தது. எழுப்பச் சொன்னவர் அது முடிந்ததைப் பார்க்காமலே போய்விட்டார். அடுத்த பகுதியில் அங்கே போவோம்.

(தொடரும்)